லிஃப்ட்டுக்குள் என் குரல்

ஆங் மோ கியோவில் ஒரு அடுக்குமாடி புளோக். அங்கே நான் கால் வைத்ததே இல்லை. அந்த புளோக்கின் லிஃப்ட்டுக்குள் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் மாடி அறையில் உட்கார்ந்து ஹெட்போன் வழியாக அதைக் கேட்டேன். கீழே வழக்கமான ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். துவாஸ் தொழிற்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்த தம்பிமார்கள் நடைபாதை கொள்ளாமல் நின்று ஊருக்கு வீடியோ கால் பேசிக்கொண்டிருந்தார்கள். பிரியாணி வாசனை படியேறி வந்தது. ஹெட்போனுக்குள் மட்டும் லிஃப்ட் கதவு மூடும் சத்தம். பிறகு ஒரு "ப்ச்". பிறகு, "வரிசை... வரிசையில நில்லு!"

பதிவு செய்தவன் கவின். என் வகுப்புப் பையன், பத்து வயது. லிஃப்ட்டில் தனியாகத்தான் இருந்திருக்கிறான். ஆனால் அந்தக் குரல் என்னுடையது. அந்த "ப்ச்" என்னுடையது. 'வரிசை'யை ஒருமுறை சொல்லி, மூச்சு வாங்கி, மறுபடி சொல்கிறானே... அதுவும் நான்தான்.

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வரவில்லை.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு தொடக்கப்பள்ளித் தமிழாசிரியை. இருபத்திரண்டு வருட சர்வீஸ். வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் கோபத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. போட்டோகாப்பி மெஷினோடு நான் போட்ட சண்டையைப் படித்துவிட்டு, 'டீச்சர், கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள்' என்று எழுதியவர்கள்தானே நீங்கள்!

இந்த வருடமும் எங்கள் பள்ளியில் ஒரு கலைத் திட்டம். வெளியிலிருந்து ஒரு கலைஞர் வருவார். அவரும் ஆசிரியரும் சேர்ந்து ஆறு வாரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். படிவத்தில் 'கலைஞர் – ஆசிரியர் கூட்டு முயற்சி' என்று அழகாக அச்சடித்திருந்தார்கள்.

நடைமுறையில் கூட்டு என்றால் என்ன தெரியுமா? வெளியாள் பிள்ளைகளோடு தனியாக இருக்கக் கூடாது என்பது விதி. அதனால் கலைஞர் முன்னால் நின்று பாடம் நடத்துவார். ஆசிரியர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கட்டுரை நோட்டு திருத்துவார். சத்தம் கூடினால் தலையைத் தூக்கி ஒரு பார்வை. அவ்வளவுதான் கூட்டு. முன்பு ஒரு நடனக் கலைஞர் வந்தபோது நான் இரண்டு வகுப்பு நோட்டுகளை முடித்துவிட்டேன். அருமையான திட்டம் என்று படிவத்தில் எழுதியும் கொடுத்தேன்.

இந்த முறை வந்தவர் நஸ்ரின். ஒலிக்கலைஞர். சத்தங்களைப் பதிவு செய்து, கோத்து, கேட்பதற்கென்றே ஒரு படைப்பாக ஆக்குவது அவர் வேலை. முப்பது வயதுகூட இருக்காது. தலையை மூடிய தூடோங்குக்கு மேல் எப்போதும் ஒரு பெரிய ஹெட்போன். முதல் நாளே என் தொடக்கநிலை நான்கு வகுப்பில் பத்தொன்பது பிள்ளைகளையும் கண்ணை மூடச் சொன்னார்.

"ஏர்கான் சத்தத்தை விட்டுட்டு வேற என்ன கேக்குது, சொல்லுங்க."

பிறகு கடைசி வரிசையைப் பார்த்து, "அக்கா, நீங்களும் லா" என்றார்.

"நான் திருத்திக்கிட்டே கேக்குறேன், நீங்க நடத்துங்க" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.

மூன்றாம் வாரம் பிள்ளைகளிடம் கையடக்கமான பதிவுக் கருவிகளைக் கொடுத்தார். முறைவைத்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். "உங்க வீட்ல தமிழ் எங்க கேக்குதோ, அங்க பட்டனை அமுக்குங்க. ஒரு நிமிஷம் போதும். யாரும் பேசலைன்னா நீங்களே பேசுங்க." எல்லாவற்றையும் கோத்து, கடைசி வெள்ளிக்கிழமை பள்ளி மண்டபத்தில் விளக்கை அணைத்துவிட்டு, பெற்றோருக்குப் போட்டுக் காட்டுவதாகத் திட்டம்.

அவர் போன பிறகு என் பங்குக்கு நானும் ஒன்று சொன்னேன். "நல்ல தமிழா இருக்கணும், சரியா? அம்மா அப்பா எல்லாரும் கேக்கப் போறாங்க."

ஒரே வரி. இந்தக் கூட்டு முயற்சியில் அதுவரை நான் செய்தது அது ஒன்றுதான்.

போன ஞாயிறு காலையில் நஸ்ரின் கூப்பிட்டார். "அக்கா, ஸ்டுடியோ பக்கம் வர முடியுமா? போன்ல சொல்லத் தெரியல."

போனேன். ஒரு டிவி செய்தி, ஒரு அம்மா போனில் மீன்காரரோடு பேரம் பேசுவது... முதலில் கேட்டவை இப்படிச் சாதாரணமாகத்தான் இருந்தன. அடுத்தது கவினின் லிஃப்ட். அதற்கடுத்து ஒரு பெண் பிள்ளை. வீட்டில் யாரும் இல்லை போலிருக்கிறது, வெள்ளெலிக்குத் தீனி வைக்கிறாள். "ப்ச். என்ன அவசரம்? நான் சொன்னேனா? சொன்ன பிறகுதான் சாப்பிடணும்." இன்னொருவன் காரிடாரில் நடந்துகொண்டே கதவு எண்களை வாசிக்கிறான். ஒவ்வொரு கதவுக்கும் பிறகு ஒரு கனைப்பு, ஒரு "உம்... அடுத்து!"

எல்லாம் என் குரல். என் கனைப்பு. என் "உம்".

ஒரு பதிவில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று பேசியது. யாரோ ஒருவரின் தங்கை. "கையக் கட்டு. கண்ணு இங்க." அந்தக் குழந்தையை நான் பார்த்ததே இல்லை. என்னையும் அது பார்த்ததில்லை. நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

"அக்கா, இந்தப் பிள்ளைங்க வீட்ல என்ன பாஷை பேசுவாங்க?" என்று நஸ்ரின் கேட்டார்.

"பெரும்பாலும் இங்கிலீஷ்தான்."

"அப்ப அவங்க காதுல இருக்கிற தமிழ் யாரோடது?"

இதற்கெல்லாம் பதில் வேறு சொல்ல வேண்டுமா? உண்மையைச் சொல்லிவிடுகிறேன் — ஒரு நிமிடம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு தீவின் வீடுகளுக்குள் என் தமிழ் ஓடிக்கொண்டிருக்கிறது, சும்மாவா? பிறகுதான் கவனித்தேன். நில்லு, கட்டு, அடுத்து, நான் சொன்னேனா. எல்லாமே அதட்டல். வகுப்பில் நான் கதை சொல்கிறேன், ஜோக் அடிக்கிறேன், பாட்டுகூடப் பாடுகிறேன். அதில் ஒன்றையும் எந்தப் பிள்ளையும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்குக்கா" என்றார் நஸ்ரின்.

ஏழு பிள்ளைகள், ஏழு வீடுகள். ஒருத்தி கண்ணாடி முன்னால், ஒருவன் குளியலறையில், ஒருவன் தன் பொம்மைக் காரிடம். ஏழு பேரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருந்தார்கள்.

"உனக்காக... யாரும் காத்திருக்க மாட்டாங்க."

"இதை நான் சொன்னதே இல்ல" என்றேன்.

நஸ்ரின் அந்த ஏழையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ப்ளே பட்டனை அழுத்தினார். ஏழு குழந்தைக் குரல்களும் கலந்தன. கலந்ததும் குழந்தைத்தனம் காணாமல் போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒரு நடுவயதுப் பெண்ணின் குரல். 'உனக்காக' சொல்லி, சின்னதாக ஒரு மூச்சு விட்டு, மீதியைச் சொன்னது. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன். அங்கிருந்தும் அது மெல்லியதாகப் பேசிக்கொண்டே இருந்தது.

"எடுத்துடு நஸ்ரின். இது வேணாம்." பயத்தில் 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது.

"நீங்க வேணாம்னா வேணாம்க்கா, எடுத்துடறேன். ஆனா யார்கிட்ட சொன்னீங்க?"

"ப்ச். சொல்லவே இல்லைங்கிறேன்!"

அந்த "ப்ச்" இருவர் காதிலும் விழுந்தது.

பிறகு நஸ்ரின் பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, ஒரே ஒரு பதிவு மட்டும் காலி என்றார். ஒரு நிமிடம் முழுக்க யாரோ மூச்சு விடும் சத்தம், வேறொன்றும் இல்லை. பிள்ளையின் வகுப்பு எண்ணைக் காட்டினார். பதினாறு. அது யாழினி.

"யாழினியா? ரொம்ப அமைதியான பிள்ளை" என்றேன்.

"அவ குரல் எப்படி இருக்கும்க்கா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இந்த வருடம் முழுக்க வாரத்தில் ஐந்து நாளும் நான் பார்க்கிற பிள்ளை. அவள் குரல் எனக்கு ஞாபகமே இல்லை.

வீட்டுக்குக் கிளம்பினேன். லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் பிளாட்பாரத்தில் எனக்குப் பின்னால் ஒரு குரல். "ப்ச். வரிசை... வரிசையில நில்லு!" திரும்பிப் பார்த்தேன். இளம் அம்மா ஒருத்தி தன் மகனை இழுத்து நிறுத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சட்டென்று நிமிர்ந்து நின்றாள். கையிலிருந்த பபிள் டீயை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "வணக்கம், டீச்சர்" என்றாள். இருபத்திரண்டு வருடங்களில் எத்தனை பிள்ளைகள் என் கையைக் கடந்து போயிருப்பார்கள்? கணக்குப் போட எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டில் என் கணவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். "ஏங்க, நான் வீட்ல எப்படிப் பேசுறேன்?" என்று கேட்டேன்.

"ஏன், என்னாச்சு?"

"சொல்லுங்களேன். அதட்டிக்கிட்டே இருக்கேனா?"

அவர் நிதானமாக இரண்டு சட்டைகளை மடித்தார். "ப்ச்" என்றார். "அப்படின்னு நான் சொன்னேனா?"

பாவம், தான் என்ன செய்தார் என்று அவருக்கே தெரியாது. நான் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

திங்கட்கிழமை வகுப்பில் கேட்டேன். நஸ்ரின் வராத நாள். "உனக்காக யாரும் காத்திருக்க மாட்டாங்க — இப்படி நான் எப்பவாவது சொல்லியிருக்கேனா?"

பதினெட்டுத் தலைகளும் திரும்பின. ஒரே நேரத்தில், மெதுவாக, மூன்றாம் வரிசையில் ஜன்னலோரம் இருக்கும் நாற்காலியைப் பார்த்து. அங்கே யாழினி உட்கார்ந்திருந்தாள்.

"அது யாழினி டர்ன்ல சொல்றது, டீச்சர்" என்றான் கவின்.

"டர்ன்லன்னா?"

"வாசிக்கும்போது. நீங்க ஒரு வாட்டி சொன்னீங்க. அப்புறம் நீங்க சொல்லாட்டியும் நாங்க மனசுல சொல்லிட்டு, நெக்ஸ்ட் ஆள் எழுந்து வாசிப்போம்."

ஏதோ தீ விபத்துப் பயிற்சி விதியை ஒப்பிப்பதைப் போலச் சொன்னான். அதில் துளி குறும்பு இல்லை, அதுதான் என்னைக் கலக்கியது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. வருடத் தொடக்கம். வரிசையாக வாசிப்பு. யாழினியின் அம்மா அப்பா இங்கே வந்து கொஞ்ச வருடம்தான் ஆகிறது, வீட்டில் ஊர்ப்பேச்சு. அவள் வாக்கியத்தின் முடிவை இழுத்து இழுத்து வாசித்தாள். இரண்டு முறை திருத்தினேன். மூன்றாம் முறை ஒரு சொல்லில் நின்றுவிட்டாள். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது, பாடத்தில் இரண்டு பக்கம் பாக்கி. அப்போது சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு, "உம், அடுத்து" என்றும் சொல்லியிருக்கிறேன். அன்றிலிருந்து வாசிப்பு அவளுக்கு முந்தின பிள்ளையிலிருந்து பிந்தின பிள்ளைக்குத் தாவிக்கொண்டிருக்கிறது. தினமும் என் கண் முன்னால்! நேரத்துக்குப் பாடம் முடிகிறதே என்று நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

யாழினியின் பக்கத்தில் போய்க் குனிந்து, "ஏம்மா, பதிவுல நீ ஒண்ணுமே பேசல?" என்றேன்.

பக்கத்தில் இருந்தவள்தான் சொன்னாள். "டீச்சர், நீங்க நல்ல தமிழ் சொன்னீங்க இல்ல? அவ வீட்ல அது இல்லையாம்."

புதன்கிழமை நஸ்ரினின் கடைசி வகுப்பு. கட்டுரை நோட்டுகளை ஆசிரியர் அறையிலேயே விட்டுவிட்டு வந்தேன். நஸ்ரினிடம் விஷயத்தைச் சொன்னேன். "இன்னைக்கு வகுப்பு எங்கிட்ட. நீ பதிவு மட்டும் பண்ணு" என்றேன். அவர் தலையாட்டினார். நான் போய் யாழினியின் வரிசையில் ஒரு பிள்ளையின் நாற்காலியை வாங்கிப்போட்டு உட்கார்ந்தேன். வாசிப்பு தொடங்கியது.

யாழினிக்கு முந்தினவள் வாசித்து முடித்தாள். அறை அமைதியானது. அந்த அமைதியில், இத்தனை மாதமாக நான் பார்க்காமல் இருந்ததைப் பார்த்தேன். பிள்ளைகளின் உதடுகள் அசைந்தன. சத்தம் இல்லை. பதினெட்டு வாய்களும் ஒரே வேகத்தில், நடுவில் ஒரே இடத்தில் நின்று, அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தன.

யாழினியின் உதடும் அசைந்தது. அவளும் சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த பையன் புத்தகத்தோடு எழுந்துவிட்டான். "உட்காருப்பா" என்றேன். "யாழினி வாசிப்பா. யாழினி, அன்னைக்கு நான் உன்கிட்ட அப்படிச் சொன்னது தப்பும்மா. நான் காத்திருக்கேன்."

அவள் புத்தகத்தைப் பார்த்தாள். நான் காத்திருந்தேன். ஏர்கான் உறுமியது. திடலில் பி.இ. டீச்சர் விசில் ஊதினார். யாரோ தண்ணீர் பாட்டிலைக் கீழே போட்டார்கள். 'உம்' என்று சொல்லத் தொண்டை துடித்தது, அடக்கிக்கொண்டேன். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமா!

மணி அடித்தது. பிள்ளைகளுக்கு அடுத்து இடைவேளை. "சாப்பிடப் போறவங்க போகலாம்" என்றேன். பாதிப் பேர் ஓடிவிட்டார்கள். கேன்டீனில் மீ கோரிங் நூடுல்ஸ் தீர்ந்துவிடுமே! மீதிப் பேர் என்ன நடக்கப் போகிறது என்று பார்ப்பதற்காக உட்கார்ந்திருந்தார்கள். யாழினி கதவைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், பெல் அடிச்சிருச்சு."

"தெரியும்மா."

"உங்களுக்கு பி ஃபைவ் கிளாஸ் இருக்குல்ல?"

"இருக்கு."

"போவலியா?"

"இல்ல."

இன்னும் கொஞ்ச நேரம் போனது. பிறகு வாசித்தாள். மூன்றே வரி. கொஞ்சம் கரகரத்த, கனமான குரல். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவும் அவள் அம்மாவின் ஊருக்குப் போய்த் திரும்பி வந்தது. அந்த வகுப்பிலேயே என் சாயல் கொஞ்சமும் இல்லாத ஒரே தமிழ் அது. ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு நான் அவளிடம் பேசியிருந்தால்தானே? வெட்கமாக இருந்தது எனக்கு. அதைவிட, அந்தக் குரலை இன்னும் கேட்க வேண்டும்போல இருந்தது.

நஸ்ரின் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெறும் காதால் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே வரும்போது, "அந்த ஏழு குரல்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இருக்கட்டும். போடு. அதுக்கு அப்புறம் இதைப் போடு. காத்திருந்த நேரம் முழுசையும் போடு, வெட்டாத."

"பேரன்ட்ஸ் எல்லாம் இருப்பாங்கக்கா. பிரின்ஸிபால் இருப்பாங்க. யார் குரல்னு கண்டுபிடிச்சிருவாங்க."

"கண்டுபிடிக்கட்டும்."

தைரியத்தில் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். நாளை வெள்ளிக்கிழமை, நஸ்ரினுக்கு 'எடுத்துடு' என்று மெசேஜ் அடித்து இரண்டு முறை அழித்துவிட்டேன். ஆனால் ஒன்று. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ கலைஞர்கள் என் வகுப்புக்கு வந்து போயிருக்கிறார்கள். அவர்களில் யாருமே பிள்ளைகளுக்கு என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் தலையைக் குனிந்து திருத்திக்கொண்டிருந்தேன். கூட்டு முயற்சிக்கு நான் ஒழுங்காக வந்து உட்கார்ந்தது இந்தப் புதன்கிழமைதான்.

அன்று நஸ்ரினை அனுப்பிவிட்டுத் தொடக்கநிலை ஐந்துக்கு ஓடினேன். நான்காம் மாடி. பதினோரு நிமிடம் தாமதம். ஆசிரியர் இல்லாத வகுப்பின் கூச்சல் படிக்கட்டிலேயே கேட்க வேண்டும் இல்லையா? ஒன்றுமே கேட்கவில்லை. கதவைத் திறந்தேன். எல்லாப் பிள்ளைகளும் கையைக் கட்டி வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். என் மேசை அருகில் வகுப்புத் தலைவி. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ப்ச். எவ்வளவு நேரம் காத்துக்கிட்டு இருக்கிறது?"

சொன்ன மறுகணம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"சாரி" என்றேன். அந்தக் குரலோடு வாதாடி ஜெயித்தவர்கள் இதுவரை யாரும் இல்லை.